நிறுத்தி வச்ச பைக்கில் பெட்ரோல் ஒழுகுதா? கிக்கரை உதைக்கும் முன் இதைப் படிங்க!

வெளிநாட்டு வேலையில் இருந்து லீவில் வந்தாச்சு. அல்லது செங்கல் சூளை வேலை முடிந்து குடும்பத்தோடு ஊர் திரும்பியாச்சு. ஐந்தாறு மாதமாக தூசி படிந்து நிற்கும் பைக்கை துடைத்து, டேப்பைத் திறந்து, கிக்கரில் கால் வைக்கும்போது குப்பென்று மூக்கில் ஏறுகிறது பெட்ரோல் வாடை. குனிந்து பார்த்தால் கார்புரேட்டர் அடியில் இருந்து சொட்டு சொட்டாக பெட்ரோல். தரையில் சின்னதாக ஒரு குட்டை.

"கொஞ்சம்தானே ஒழுகுது, ரெண்டு ரவுண்டு ஓட்டினா தானா நின்னுடும்" என்று பலரும் உதைத்து விடுகிறார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்த ஒழுகலுக்கு பெரும்பாலும் காரணம் கார்புரேட்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன ஊசி. அதை சுத்தம் செய்வது அரை நாள் வேலை கூட இல்லை. ஆனால் அதை கவனிக்காமல் விட்டால் என்ஜின் கெட்டுப் போகலாம். வீடே தீப்பிடிக்கலாம்.

முதலில் தீ, பிறகுதான் ரிப்பேர்

பெட்ரோலில் இருந்து கிளம்பும் ஆவி காற்றை விட கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாக பரவும். பூஜ்யத்துக்கு கீழே 40 டிகிரி குளிரில் கூட தீப்பிடிக்கும் அளவுக்கு பெட்ரோல் ஆவியாகும். நம்மூர் வெயிலில் சொல்லவே வேண்டாம்.

நம் வீடுகளில் பைக் எங்கே நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மாடிப்படிக்கு அடியில், கரண்ட் மீட்டர் பெட்டிக்கு நேர் கீழே. அல்லது முன் அறையில், சமையல் அடுப்புக்கு பத்தடி தூரத்தில். சாமி விளக்கு பக்கத்தில். அந்த ஆவி ஒரு சுவிட்ச் பொறியை தொட்டால் போதும்.

எனவே பெட்ரோல் வாடை வந்ததும் செய்ய வேண்டியது இதுதான்:

* பெட்ரோல் டேப்பை உடனே மூடுங்கள். சாவியை ஆப் செய்யுங்கள்.
* பீடி, சிகரெட், அடுப்பு, விளக்கு எல்லாவற்றையும் அணையுங்கள். மூடிய அறையாக இருந்தால் லைட் சுவிட்சை போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்.
* கதவு, ஜன்னல்களை திறந்து விடுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக் கொண்டு போய் திறந்த வெளியில் நிறுத்துங்கள்.
* தரையில் சிந்தியதன் மேல் மணலை போட்டு அள்ளுங்கள். சாக்கடையில் கழுவி விடாதீர்கள்.

தீப்பிடித்து விட்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. பெட்ரோல் தண்ணீர் மேல் மிதந்து தீயை பரப்பி விடும். சின்ன தீ என்றால் மணல் அல்லது பவுடர் தீயணைப்பான். பெரிய தீ என்றால் ஆட்களை அப்புறப்படுத்தி விட்டு 101 அல்லது 112-க்கு போன் செய்யுங்கள். பைக்கை காப்பாற்ற உள்ளே ஓடாதீர்கள்.

சும்மா நின்ற வண்டி ஏன் ஒழுகுகிறது?

ஓடாத வண்டிக்கு என்ன கேடு வரும் என்று நினைப்போம். கார்புரேட்டருக்கு ஓடுவதை விட நிற்பதுதான் கேடு.

வீட்டு மொட்டை மாடி தண்ணீர் தொட்டியில் பந்து வால்வு பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஏறினால் பந்து மேலே வந்து குழாயை மூடும். இறங்கினால் திறக்கும். கார்புரேட்டருக்குள்ளும் அதே கதைதான். அடியில் ஒரு சின்ன கிண்ணம். அதில் ஒரு மிதவை. மெக்கானிக் கடையில் இதை 'புளோட்' என்பார்கள். மிதவையின் மேலே கூர்மையான ஒரு ஊசி, 'புளோட் பின்'. பெட்ரோல் நிறைந்ததும் மிதவை எழும்பி, ஊசியை அதன் ஓட்டையில் அழுத்தி, டேங்கில் இருந்து வரும் பெட்ரோலை நிறுத்தும்.

வண்டி மாதக்கணக்கில் நிற்கும்போது கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் மெல்ல ஆவியாகிறது. லேசான சரக்கு பறந்து போய் மீதி பிசின் மாதிரி ஒட்டிக் கொள்கிறது. ஊசி அதில் சிக்கி பாதியில் நின்று விடும். அல்லது ஊசி உட்காரும் இடத்தில் கசடு படிந்து சரியாக மூடாது. பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றும் பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோல் பறந்த பிறகு ஆயில் மட்டும் கெட்டியாக தங்கி நிற்கும்.

இன்னொரு காரணம், பெட்ரோலில் கலக்கும் எத்தனால். நாட்டில் 20 சதவீத எத்தனால் கலப்பு 2025-ல் எட்டப்பட்டது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அதிகமானால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கி விடும். இதனால் கார்புரேட்டர் உள்ளே வெள்ளை பொடி மாதிரி அரிப்பு வரும். இரும்பு டேங்கில் துரு பிடிக்கும். அந்த துருத்தூள் ஒன்று வந்து ஊசி முனையில் மாட்டினாலும் போதும், பெட்ரோல் நிற்காது. பழைய வண்டிகளின் ரப்பர் சாமான்களும் சீக்கிரம் கெடும்.

ரப்பர் வாஷரும் கேஸ்கட்டும் ஈரத்தில் இருந்த வரை ஊறிப் பதமாக இருக்கும். காய்ந்து போனால் சுருங்கும், வெடிக்கும். புது பெட்ரோல் பட்டதும் அந்த இடுக்கு வழியாக கசியும்.

பனி கொட்டும் நாடுகளில் குளிர் காலம் முழுக்க பைக்கை மூடி வைப்பார்கள். வசந்தம் வந்து எடுத்தால் அங்கேயும் இந்தப் புகார் வரும். நம் ஊரில் குளிர் இல்லை, ஆனால் உப்புக் காற்றும் மழை ஈரமும் அதே வேலையை செய்கிறது.

எங்கே இருந்து ஒழுகுது?

கார்புரேட்டரை கழற்றும் முன் ஒழுகும் இடத்தை கண்டுபிடியுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்து விடும். வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் வண்டி சாய்ந்து நின்றால் கிண்ணத்தில் அளவு மாறி, நல்ல கார்புரேட்டர் கூட சொட்டலாம். பனியன் வேஸ்ட் துணியால் கார்புரேட்டரை நன்றாக துடைத்து உலர விடுங்கள். அடியில் ஒரு பேப்பரை விரித்து டேப்பைத் திறந்து, எந்த இடம் முதலில் நனைகிறது என்று பாருங்கள்.

1. கார்புரேட்டரில் இருந்து கீழே தொங்கும் சின்ன டியூப் வழியாக சொட்டினால், அது 'ஓவர்புளோ'. ஊசி மூடவில்லை, அல்லது மிதவை பழுது. நிறுத்தி வைத்த வண்டிகளில் அதிகம் வருவது இதுதான்.

2. கிண்ணமும் மேல் பாகமும் சேரும் விளிம்பில் கசிந்தால் கேஸ்கட் அல்லது ஓ ரிங் போய் விட்டது.

3. கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் ஸ்குருவில் சொட்டினால், அது சரியாக முறுக்கவில்லை அல்லது அதன் வாஷர் கெட்டு விட்டது.

4. டேப்பில் இருந்து வரும் ரப்பர் டியூப்பை விரலால் வளைத்துப் பாருங்கள். முனையில் வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். கிளிப் தளர்ந்தாலும் ஒழுகும்.

5. டேப்பே நனைந்து இருந்தால் அதன் உள் வாஷர் பழுது. டேப்பை மூடி, டியூப்பை கார்புரேட்டரில் இருந்து கழற்றி ஒரு பாட்டிலில் விடுங்கள். மூடிய பிறகும் சொட்டினால் டேப்தான் குற்றவாளி. டேங்கில் உள்ள பெட்ரோலை இறக்கி விட்டுத்தான் அதில் கை வைக்க வேண்டும்.

கழற்றாமலே ஒரு முயற்சி

ஓவர்புளோ என்றால் உடனே திருப்புளி எடுக்க வேண்டாம். டேப்பை மூடி விட்டு, திருப்புளியின் பிளாஸ்டிக் கைப்பிடியால் கிண்ணத்தின் பக்கத்தில் நாலு தட்டு மெதுவாக தட்டுங்கள். சுத்தியல் வேண்டாம். ஒட்டிக் கொண்டிருந்த ஊசி சில நேரம் இதிலேயே விடுபடும்.

அடுத்து வடிகால் ஸ்குருவை லூஸ் செய்து கிண்ணத்தில் உள்ள பழைய பெட்ரோலை ஒரு டப்பாவில் இறக்குங்கள். அதன் நிறத்தைப் பாருங்கள். டீ மாதிரி சிவந்து, வார்னீஷ் வாடை வந்தால் கெட்டுப் போன பெட்ரோல். டேங்கிலும் அதேதான் இருக்கும். அதை மொத்தமாக இறக்கி விட்டு புதுசு போடுவதே நல்லது.

ஸ்குரு திறந்திருக்கும் போதே டேப்பை சில நொடிகள் திறந்து மூடுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் ஊசியில் மாட்டிய தூசி அடித்துக் கொண்டு வெளியே வரும். ஸ்குருவை முறுக்கி, டேப்பைத் திறந்து பத்து நிமிஷம் பாருங்கள். சொட்டு நின்றதா? அப்பாடா என்று உடனே கிளம்பி விடாதீர்கள். ஆயிலை பார்க்க வேண்டும்.

ஆயிலில் பெட்ரோல் கலந்ததா?

பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். ஓவர்புளோ ஆகும் பெட்ரோல் எல்லாம் வெளியே வருவதில்லை. டியூப் அடைத்திருந்தால் அது என்ஜின் பக்கம் திரும்பும். வால்வு திறந்த நிலையில் நின்றிருந்தால் சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் ரிங் வழியாக கீழே ஆயிலோடு கலந்து விடும்.

ஆயில் மூடியை திறந்து குச்சியை பாருங்கள். அளவு வழக்கத்தை விட ஏறி இருக்கிறதா? தண்ணீர் மாதிரி ஓடுகிறதா? பெட்ரோல் வாடை அடிக்கிறதா? அப்படி என்றால் அந்த ஆயிலில் ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டாதீர்கள். வழுவழுப்பு இல்லாத ஆயிலில் ஓடினால் பிஸ்டன், பேரிங் எல்லாம் தேய்ந்து என்ஜின் வேலைக்கு வந்து நிற்கும். ஒழுகலை சரி செய்த பிறகு ஆயிலை மாற்றுங்கள்.

கிக்கர் பாதியில் கல் மாதிரி நின்றால் இன்னும் உஷார். சிலிண்டரில் பெட்ரோல் நிறைந்திருக்கலாம். பெட்ரோலை பிஸ்டனால் நசுக்க முடியாது. ஓங்கி உதைத்தாலோ, செல்ப் போட்டாலோ கனெக்டிங் ராடு வளைந்து விடும். சாவியை ஆப் செய்து, பிளக்கை கழற்றி, பிளக் ஒயரை தூரமாக ஒதுக்கி வைத்து விட்டு, திறந்த வெளியில் கிக்கரை கையால் மெதுவாக நாலைந்து முறை அழுத்துங்கள். பெட்ரோல் பிளக் ஓட்டை வழியாக பீச்சும். முகத்தை அந்தப் பக்கம் வைக்காதீர்கள். சிந்தியது முழுக்க காய்ந்த பிறகே பிளக்கை மாட்ட வேண்டும்.

கழற்றியே ஆக வேண்டும் என்றால்

தட்டிப் பார்த்தும் நிற்கவில்லையா? கார்புரேட்டரை திறக்க வேண்டியதுதான். என்ஜின் ஆறி இருக்க வேண்டும். ஒவ்வொரு டியூப்பும் எங்கே மாட்டி இருந்தது என்று செல்போனில் படம் எடுத்துக் கொள்ளுங்கள். திரும்ப மாட்டும் போது தலையை சொறிய வேண்டாம்.

கிண்ணத்தின் ஸ்குருக்கள் லேசான உலோகத்தில் இறுகி இருக்கும். தேய்ந்த திருப்புளி போட்டால் தலை வழித்து விடும். சரியான அளவு திருப்புளியை நன்றாக அழுத்திப் பிடித்து திருப்புங்கள். ஒரே ஸ்குருவை முழுசாக கழற்றாமல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக லூஸ் செய்யுங்கள்.

கிண்ணம் வந்ததும் மிதவையை தாங்கும் சின்ன கம்பியை ஒரு பக்கமாக தள்ளி எடுத்தால் மிதவையும் ஊசியும் கையோடு வந்து விடும். கீழே ஒரு தட்டு வையுங்கள். ஊசி கீழே உருண்டு போனால் தேடி மாளாது.

ஊசி முனையை வெளிச்சத்தில் பாருங்கள். முனையில் மோதிரம் மாதிரி ஒரு கோடு விழுந்து பள்ளம் தெரிந்தால் தேய்ந்து விட்டது. துடைத்துப் பயனில்லை, மாற்றுங்கள். வண்டி மாடலை சொல்லி அதே அளவு ஊசியை வாங்குங்கள். ஊசியின் பின்பக்கம் ஒரு குட்டி ஸ்பிரிங் இருக்கும் வகை என்றால் அழுத்திப் பாருங்கள், அமுங்கி எழும்ப வேண்டும்.

ஊசி உட்காரும் ஓட்டையை காது குடையும் பஞ்சுக் குச்சியில் கார்புரேட்டர் கிளீனர் தொட்டு சுழற்றி சுத்தம் செய்யுங்கள். பச்சையாக பாசி படிந்திருந்தால் பித்தளை பாலீஷ் கொஞ்சம் தொட்டு தேய்த்து, பிறகு நன்றாக கழுவி விடுங்கள். கத்தி, உப்புத்தாள் கூடாது. கீறல் விழுந்தால் எந்த புது ஊசியும் அங்கே மூடாது.

மிதவையை காது பக்கத்தில் ஆட்டிப் பாருங்கள். உள்ளே தளக் தளக் என்று சத்தம் வந்தால் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்திருக்கிறது. அது மிதக்காது, மூழ்கும். மாற்றியே ஆக வேண்டும்.

ஜெட்டுகளை கழற்றி வானத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். ஓட்டை வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். அடைத்திருந்தால் கிளீனரில் ஊறப் போட்டு, பஞ்சர் கடையில் ஏர் அடித்தால் போதும். குண்டூசி, கம்பி போட்டு குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது. ஓட்டை பெரிதானால் மைலேஜ் போய் விடும். கிளீனர் அடிக்கும் முன் ரப்பர் ஓ ரிங்குகளை கழற்றி விடுங்கள், இல்லையென்றால் அவை ஊதி விடும். கண்ணில் தெறிக்காமல் கண்ணாடி போட்டுக் கொள்ளுங்கள்.

ஏர் ஸ்குருவை கழற்றுவதாக இருந்தால் முதலில் உள்பக்கம் மெதுவாக திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். திரும்ப மாட்டும் போது முட்டிய இடத்தில் இருந்து அதே சுற்று வெளியே.

மாட்டும் முன் ஒரு சோதனை

ஊசியையும் மிதவையையும் மாட்டிய பிறகு கார்புரேட்டரை தலைகீழாக பிடியுங்கள். மிதவை தன் எடையில் ஊசியை மூடி நிற்கும். பெட்ரோல் வரும் குழாயில் பெட்ரோல் படாத புது டியூப் ஒன்றை மாட்டி மெதுவாக ஊதிப் பாருங்கள். காற்று போகவே கூடாது. நேராக திருப்பினால் மிதவை இறங்கி காற்று போக வேண்டும். இது இரண்டும் சரியாக இருந்தால் ஊசி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஊசி நல்லா இருந்தும் ஒழுகினால் மிதவையின் உயரம் மாறி இருக்கலாம். தகர நாக்கு உள்ள மிதவை என்றால் அதை வளைத்து சரி செய்யலாம். ஆனால் எத்தனை மில்லிமீட்டர் என்பது வண்டிக்கு வண்டி மாறும். கண் அளவில் வளைக்காமல் மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. பிளாஸ்டிக் மிதவையை வளைக்க முயற்சிக்க வேண்டாம், உடைந்து விடும்.

பழைய கேஸ்கட்டுக்கு சோப்பு தடவி, பசை தடவி ஒப்பேற்றாதீர்கள். பெட்ரோலில் கரைந்து அந்த பசையே ஜெட்டை அடைக்கும். புது கேஸ்கட், புது ஓ ரிங் போடுங்கள். மாட்டி முடித்ததும் டேப்பைத் திறந்து பதினைந்து நிமிஷம் அப்படியே விட்டு, அடியில் விரித்த பேப்பர் காய்ந்தே இருந்தால் மட்டும் ஸ்டார்ட் செய்யுங்கள்.

செய்யவே கூடாதது

பெட்ரோலை டியூப் போட்டு வாயால் உறிஞ்சி இறக்கும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. ஒரு வாய் பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. விழுங்கி விட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி வரும்போது பெட்ரோல் நுரையீரலில் இறங்கி விடும். நேராக ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்கள். டேங்கை காலி செய்ய டேப் வழியாக இறக்குவதே போதும்.

இறக்கிய பெட்ரோலை தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வீட்டில் வைக்காதீர்கள். குழந்தைகள் தண்ணீர் என்று குடித்து விடும். அடுப்பு பற்ற வைக்கவும் பயன்படுத்தக் கூடாது. பெட்ரோல் தெறித்த சட்டையோடு சமையல் அறைக்குள் நுழையாதீர்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். கார்புரேட்டர் மட்டும் இல்லை, ஆயிலிலும் தண்ணீர் இருக்கும். தள்ளிக் கொண்டு போய் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

அடுத்த முறை நிறுத்தும் முன்

ஊருக்கு கிளம்பும் முன் ஐந்து நிமிஷம் ஒதுக்கினால் இவ்வளவு தொல்லை இல்லை.

* திறந்த வெளியில் என்ஜினை ஓட விட்டு, பெட்ரோல் டேப்பை மூடுங்கள். கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து என்ஜின் தானாக நிற்கும். ஆறிய பிறகு வடிகால் ஸ்குருவை திறந்து மிச்சத்தையும் இறக்குங்கள். காலியான கிண்ணத்தில் பிசின் படியாது.
* மாதக்கணக்கில் வர மாட்டீர்கள் என்றால் டேங்கையும் காலி செய்து, உள்ளே கொஞ்சம் என்ஜின் ஆயில் ஊற்றி எல்லா பக்கமும் படும்படி ஆட்டி விட்டால் துரு பிடிக்காது. வீட்டுக்குள் நிற்கும் வண்டிக்கு அதுவே தீ பயத்தையும் குறைக்கும் வழி. திரும்பி வந்ததும் அந்த ஆயிலை முதல் பெட்ரோலால் அலசி இறக்கி விடுங்கள்.
* மீட்டர் பெட்டி, அடுப்பு பக்கத்தில் நிறுத்தாதீர்கள். காற்று வரும் இடத்தில் நிறுத்துங்கள்.
* பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை கழற்றி விடுங்கள்.
* வீட்டில் ஆள் இருந்தால் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டச் சொல்லுங்கள்.

2020 ஏப்ரல் 1-ந் தேதி பி.எஸ்.6 விதி வந்த பிறகு விற்கும் இரு சக்கர வாகனங்களில் அனேகமாக கார்புரேட்டர் கிடையாது, பெட்ரோலை பம்ப் போட்டு பீய்ச்சும் இன்ஜெக்ஷன்தான். அதில் ஒழுகினால் கை வைக்க வேண்டாம். அழுத்தத்தில் ஓடும் பெட்ரோல் அது, சர்வீஸ் சென்டர் வேலை.

ஆனால் காய்கறி மூட்டை சுமப்பதும், பால் கேன் கட்டுவதும், விடிகாலை மில்லுக்கு ஓடுவதும் இன்னும் பல இடங்களில் அந்த பழைய கார்புரேட்டர் வண்டிதான். புது ஊசியும் கேஸ்கட்டும் சின்ன செலவு. ஒரு நாள் கூலி போகிறதே என்று ஒழுகும் வண்டியை உதைத்தால், போவது ஒரு நாள் கூலியோடு நிற்காது. வாடை வந்தால் முதலில் டேப்பை மூடுங்கள். மற்றதை நிதானமாக பார்த்துக் கொள்ளலாம்.